ஜடேஜா கைமாறிய கணக்கு

2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு விட்டுக் கொடுத்தது. அவருடன் சாம் கரனும் போனார். பதிலுக்கு சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். விம்கோ நகர், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கடைகளில் கல்லாவில் இருப்பவர் முதல் மூட்டை இறக்குபவர் வரை அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. "பன்னிரண்டு வருஷம் ஆடிக் கொடுத்த மனுஷனை இப்படியா அனுப்புவது?" என்று வருத்தப்பட்டவர்களே அதிகம். "எல்லாம் காசுதான் அண்ணாச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர்களும் உண்டு.

காசுதான் என்பது சரி. ஆனால் எந்தக் காசு, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பிரித்துப் பார்ப்பது வியாபாரிகளாகிய நமக்குப் பழகிய வேலை. அப்படிப் பார்த்தால் நம் கடைகளுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

முதல் ஒன்று, சரக்கு பல

ஐ.பி.எல். பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்குச் செலவிட ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 ஏலத்தின்போது அது 120 கோடி ரூபாய். முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. சென்னை அணி ஏலத்துக்கு முன்பே ஐந்து பேரை வைத்துக் கொண்டது. ஜடேஜாவுக்கு 18 கோடி, ருதுராஜ் கெய்க்வாடுக்கு 18 கோடி, பதிரணாவுக்கு 13 கோடி, சிவம் துபேவுக்கு 12 கோடி, தோனிக்கு 4 கோடி. ஆக 65 கோடி ஐந்து பேரிலேயே முடங்கிவிட்டது. மீதி 55 கோடியில் மற்ற அத்தனை பேரையும் பிடித்தாக வேண்டும். 2025 பந்தயத்தில் அந்த அணி பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது.

மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது விளங்கும். கையிலுள்ள முதலில் பாதிக்கு மேல் மிளகாய் வற்றலில் போட்டுவிட்டால், பருப்புக்கும் எண்ணெய்க்கும் பணம் இராது. மிளகாய் நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆனால் கடைக்கு வருகிறவர் மிளகாய் மட்டும் வாங்க வருவதில்லை.

மிச்சம் யாருக்கு?

ஜடேஜாவை விட்டதால் சென்னை அணிக்குப் பெரும் பணம் மிஞ்சியது என்று பலர் நினைக்கிறார்கள். சாம்சனின் சம்பளமும் 18 கோடிதான். கரனுக்குக் கொடுத்து வந்த 2 கோடியே 40 லட்சம் மட்டுமே குறைந்தது. 37 வயதை நெருங்கிக் கொண்டிருந்தவருக்குப் பதிலாக, அதே விலைக்கு 31 வயது விக்கெட் கீப்பர் கிடைத்தார். தோனிக்குப் பிறகு யார் என்ற கேள்வியோடு இருந்த அணிக்கு அது தேவையான சரக்கு. ஜடேஜாவின் சம்பளத்தில் மிச்சம் கண்டது ராஜஸ்தான்தான். ஜடேஜாவின் தொகையை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைத்தே அந்த மாற்றம் நடந்தது.

அடுத்த மாதம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் பிரசாந்த் வீர் என்ற உத்தரப் பிரதேசத்து இளைஞரைச் சென்னை அணி எடுத்தது. வயது 20. இடது கை சுழற்பந்து வீசுவார், மட்டையும் பிடிப்பார். ஜடேஜா செய்து வந்த அதே வேலை. அடிப்படை விலை 30 லட்சம். ஏலம் ஏறி ஏறி 14 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. ஜடேஜாவின் புதிய சம்பளத்தைவிட இது 20 லட்சம் அதிகம். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரைவிட, அதுவரை ஒரு ஐ.பி.எல். ஆட்டம்கூட ஆடியிராத பையனுக்கு விலை கூடுதல்.

அந்தப் பையன் நாளை பெரிய ஆட்டக்காரராக வரலாம், வரட்டும். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். போகிற ஆளின் சம்பளம் நமக்குத் தெரியும். அவர் இடத்துக்கு வருகிறவரின் விலை, அவர் போன பிறகுதான் தெரியும்.

விட்டுக் கெட்டவர்கள்

கொல்கத்தா அணி 2024இல் கோப்பையை வென்றது ஷ்ரேயஸ் ஐயர் தலைமையில். அவருடைய சம்பளம் 12 கோடியே 25 லட்சம். அந்த ஆண்டே அவர் அந்த அணியில் நீடிக்காமல் ஏலத்துக்குப் போனார். பஞ்சாப் 26 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. அதே ஏலத்தில் கொல்கத்தா வெங்கடேஷ் ஐயருக்கு 23 கோடியே 75 லட்சம் கொடுத்தது. 2025இல் பஞ்சாப் இறுதி ஆட்டம் வரை போனது. கொல்கத்தா எட்டாவது இடம். அந்த நவம்பரிலேயே வெங்கடேஷையும் கொல்கத்தா விட்டுவிட்டது. கோப்பை வாங்கித் தந்தவரும் போனார், பெரிய விலை கொடுத்து வாங்கியவரும் நிலைக்கவில்லை.

அமெரிக்காவில் நம் கிரிக்கெட்டைப் போலக் கொண்டாடப்படும் பேஸ்பால் ஆட்டத்தில் இதைவிடப் பழைய கதை உண்டு. பாஸ்டன் அணியின் பேப் ரூத் என்பவர் ஆண்டுக்கு 10,000 டாலர் வாங்கிக் கொண்டிருந்தார். 1919இல் அதை இரட்டிப்பாக, 20,000 டாலராகக் கேட்டார். அணியின் முதலாளி ஹாரி ஃபிரேசி நாடகத் தொழிலும் நடத்தியவர், கடன் நெருக்கடி. அந்த டிசம்பரிலேயே ரூத்தை 1 லட்சம் டாலருக்கு நியூயார்க் அணிக்கு விற்றார். 3 லட்சம் டாலர் கடனும் அங்கிருந்து பெற்றார். 1918இல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த கோப்பையை வென்றது 2004இல். 86 வருஷம்! அதுவரை ஒரு கோப்பையும் காணாத நியூயார்க் 1923இல் முதல் கோப்பையை எடுத்தது. நெருக்கடி வந்தபோது ஓடாத சரக்கை விற்காமல், ஓடுகிற சரக்கை விற்றார் ஃபிரேசி.

கட்டுப்பாடு போட்டால் ஆள் நிற்பாரா?

நம்மில் சிலர் ஒரு யோசனை சொல்லி வருகிறார்கள். ஒரு கடையை விட்டு விலகுகிற ஆளை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு கடைக்காரர் சேர்க்கக் கூடாது என்று சங்கமே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பேஸ்பாலில் இத்தகைய கட்டுப்பாடு பல காலம் இருந்தது. ஒரு அணியில் சேர்ந்தவர் அந்த முதலாளியாக விடும் வரை வேறெங்கும் போக முடியாது. 1969இல் கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரரை வேறு ஊர் அணிக்கு மாற்றியபோது, நான் விற்கவும் வாங்கவும் படுகிற சொத்தல்ல என்று அவர் மறுத்து வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் 1975இல் மத்தியஸ்தர் தீர்ப்பு ஒன்றினால் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

ஜடேஜாவே இதற்கு உதாரணம். ராஜஸ்தானில் ஆடத் தொடங்கிய அவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று 2010இல் ஒரு வருஷம் ஐ.பி.எல். ஆடத் தடை விதிக்கப்பட்டது. தடையால் அவர் ராஜஸ்தானில் நின்றுவிடவில்லை. 2011இல் கொச்சிக்கும் 2012இல் சென்னைக்கும் போனார். பதினைந்து வருஷம் கழித்து அதே ராஜஸ்தான், சென்னைக்கு சாம்சனைக் கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியிருக்கிறது.

நம் கட்டுப்பாடு நம் சங்கக் கடைகளோடு நின்றுவிடும். பெரிய கடைகள் அதற்குக் கட்டுப்படா. எண்ணூர், மணலி கம்பெனிகள் கட்டுப்படா. 2021 முதல் விம்கோ நகருக்கே மெட்ரோ ரயில் வந்துவிட்டது. காலையில் ஏறினால் நகரத்தில் எந்தக் கடைக்கும் பையன் வேலைக்குப் போய்வருவான். நம்மிடம் வேலை பழகியவன் பக்கத்து மளிகைக் கடைக்குப் போகக் கூடாது என்று தடுத்தால், நம் தொழிலை விட்டே போய்விடுவான். நஷ்டம் நம் எல்லோருக்கும்.

செய்ய வேண்டியது

பத்து வருஷம் இருந்த ஆள் மாதம் இரண்டாயிரம் கூடக் கேட்டால், நாம் இரண்டாயிரத்தை மட்டுமே கணக்குப் போடுகிறோம். எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யார் கடனை எந்தத் தேதியில் தீர்ப்பார், எந்த மூட்டையில் எடை குறையும் என்பதெல்லாம் அந்த ஆளின் தலையில் இருக்கிறது. புது ஆள் அதைப் பழக ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் வராமல் போகிற கடன் பாக்கி எவ்வளவு, வேறு கடைக்குத் திரும்புகிற வாடிக்கை எவ்வளவு என்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு முடியாது என்று சொல்லலாம்.

இரண்டாவது, சம்பளப் பேச்சுக்கு ஒரு மாதத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஏப்ரலில் புதுக் கணக்கு எழுதும்போதே, ஆள் வாய் திறப்பதற்கு முன் முதலாளியே கூப்பிட்டுப் பேசுவது நல்லது. தீபாவளி நெருக்கத்தில், கடையில் கூட்டம் நிற்கும்போது எழும் பேச்சு தகராறில்தான் முடியும்.

மூன்றாவது, உண்மையிலேயே கட்டுப்படி ஆகவில்லை என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாக்கியை அன்றே தீர்த்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். இன்று போனவர் நாளை சொந்தக் கடை வைத்து நம்மிடமே கொள்முதலுக்கு வருவார். நம்மில் பலர் அப்படி வந்தவர்கள்தானே!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆளை அனுப்பும்போதும் அளந்து பார்த்தே அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டு யோசனை சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்தால், உறுப்பினர்கள் அதை ஏற்காமல், சம்பளப் பேச்சுக்கு எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக ஒரு மாதத்தைக் குறிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றும்படி கேட்டுக் கொள்கிறேன்.