கம்பி முனையும் சங்கத்தின் பணமும்

சங்க அலுவலகத்தில் கணினித் தொடர்பு நின்றவுடன், “பெட்டி பழுது, புதிது வாங்குக” என்று தீர்மானம் செய்யும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. இது வீண்செலவுக்கு வழி என்பது நமது அபிப்பிராயம். ஈரம் மிகுந்த நீலகிரியில் முதலில் ஐயுற வேண்டுவது பெட்டியையன்று. கம்பியையும் அதன் முனையையுமே.

1965-ஆம் ஆண்டு தோன்றிய இண்ட்கோசர்வ் கூட்டுறவு இணையத்தின் நிலையமாகிய குன்னூரில், தேயிலை ஏலம் இன்று கணினி வழியே நடைபெறுகிறது. ஏலவிலை அறியவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் அக்கம்பியையே நம்பியிருக்கிறோம். அது அறுந்தால் அங்கத்தினரின் வேலையும் அன்று தடைப்படும்.

கம்பிகளை இனம் அறிவது கடினமன்று. தொலைபேசிக் கம்பியின் முனை சிறியது, ஆர்.ஜே.11 எனப்படும். கணினி வலையின் முனை அதனினும் அகன்றது; ஆர்.ஜே.45 என வழங்குவது. இதனுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். நூலுக்கு முறுக்கு வலிமை தருவதை நெசவாளர் அறிவர். இங்கோ முறுக்கு, ஓர் இணையின் மின்சைகை மற்றொன்றில் கலவாமல் காக்கிறது. ஆதலின் முனை பொருத்துகையில் அரை அங்குலத்திற்கு மேல் முறுக்கைப் பிரித்தல் ஆகாது. ஒரே கம்பியை நூறு மீட்டருக்கு மேல் இழுத்தலும் ஆகாது. சிறிய முனை பெரிய துளையில் நுழையும். எனினும் அங்குள்ள ஊசிகளை வளைத்துவிடக் கூடும்.

கைப்பேசிக்கு வரும் டைப்-சி முனையிலும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் புதிய கைப்பேசிகளுக்கு இம்முனையையே கட்டாயமாக்கியது. ஆயினும் வடிவம் ஒன்றாயிருப்பதால் ஆற்றலும் ஒன்றென எண்ணலாகாது. சில கம்பிகள் மின்னேற்றம் மட்டுமே செய்யும், தகவலைக் கடத்தா.

மூடுபனி நம் செம்பு முனைகளில் களிம்பேற்றும். சுவரில் நுழையுமுன் கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டால் மழைநீர் வெளியிலேயே சொட்டிவிடும். இடி மின்னல் தொடங்குமுன், மின்சாரத்தோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி இழைக் கம்பியைக் கூர்மையாக மடிக்கவோ, அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது. கண்ணுக்குப் புலப்படாத ஒளி அதில் ஓடுகிறது.

“இது மெக்கானிக்கின் வேலையன்றோ?” எனச் சிலர் வினவலாம். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் மெக்கானிக்கையா தேடுகிறார்? மழையில் பாதை சரிந்தால் மெக்கானிக் வந்துசேர இரு நாளும் ஆகலாம். எனவே ஒவ்வொரு சங்கமும் இரு அங்கத்தினரை இப்பணியில் பழக்க வேண்டும். கம்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். நல்ல நிலையிலுள்ள மாற்றுக் கம்பி ஒன்றை அலமாரியில் வைக்க வேண்டும். அதனை மாற்றிப் பார்த்த பின்னரே பெட்டி வாங்கும் தீர்மானம் கூட்டத்திற்கு வரட்டும். செலவாவது அங்கத்தினரின் பணம் என்பதை நாம் மறத்தலாகாது.