கறுப்புக் கல்லுக்குப் பெயர் வைக்குமுன்

பர்கூர், ஜெகதேவி கல்குவாரிகளிலிருந்தும் சாமல்பட்டிப் பக்கத்திலிருந்தும் கனமான கறுப்புக் கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: “சார், இது யுரேனியமா?” ஆர்வம் நல்லது. நாம்தான் பதிலை அவசரமாகச் சொல்லிவிடுகிறோம்.

இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக 1903 முதல் 1906 வரை இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனம் பற்றி எழுதியவராகத்தான் நமக்கு அவரைத் தெரியும். கல்லையும் அதே கவனத்தோடு பார்த்தவர். பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கம் தேடி அரித்த சரளையில் சின்னச் சின்னக் கறுப்புக் கனசதுரங்கள் கிடைத்தன. யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்றே முதலில் எண்ணினார். எவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். அந்தக் கல்லுக்கும் யுரேனினைட்டுக்கும் ஒரே படிக அமைப்பு, ஒரே கறுப்பு. ஒப்படர்த்தியும் 9-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். கண்ணும் தராசும் கைவிடும் இடம் இது.

அவர் அங்கே நிற்கவில்லை. மாதிரி லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனது. வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ முக்கால் பங்கு தோரியம் ஆக்சைடு. யுரேனியம் ஆக்சைடு 12 சதவீதம் அளவில்தான். 1904-இல் அது தோரியனைட் ஆனது. அடுத்த ஆண்டே, வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வகத்தில் இருந்த இளைஞர் ஓட்டோ ஹான், இலங்கையின் இதே தாதுவிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். யுரேனினைட் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

நம் வீட்டு வாசலிலேயே பாடம் இருக்கிறது. சாமல்பட்டியை அடுத்து, திருப்பத்தூர்ப் பக்கம் சேவத்தூர். வெர்மிகுலைட்டுக்காக நாம் அறிந்த ஊர். அங்குள்ள கார்பனடைட் பாறையில் யுரேனியம் மிகுந்த பைரோகுளோர் என்ற கனிமம் உண்டு. பாறைக்கு வயது சுமார் 80 கோடி ஆண்டு. இத்தனை காலம் உள்ளிருந்தே கதிர்வீச்சு தாக்கினால் பைரோகுளோரின் படிக ஒழுங்கு குலைந்துபோகும். வெளியே வடிவம் இருக்கும், எக்ஸ்ரே விளிம்பு விளைவில் கோடுகளே விழாது. “படிகமற்றது” என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. சூடேற்றினால் ஒழுங்கு திரும்பும். ஆகவே ஒரு துண்டைச் சூடேற்றாமலும் இன்னொன்றைச் சூடேற்றியும் பார்த்தாக வேண்டும். தோரியனைட்டோ அவ்வளவு கதிர்வீச்சையும் தாங்கிக்கொண்டு படிகமாகவே நிற்கிறது. இந்த வேறுபாடும் அந்தந்தக் கனிமத்தின் குணந்தான், எழுதப்பட வேண்டியது.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் உலோகக் கலவையின் தரம் பார்க்கும் கைத்துப்பாக்கி போன்ற எக்ஸ்ஆர்எஃப் கருவியைக் கல்லின்மேல் வைத்துச் சதவீதம் சொல்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. எஃகுக்கு அளவுதிருத்தம் செய்த கருவி கனிமத்துக்குச் சரியான எண் தராது. கைகர் கருவியும் “கதிர் உண்டு” என்பதோடு சரி. யுரேனியமா தோரியமா என்று பிரித்துச் சொல்ல காமா நிறமாலைமானி வேண்டும். சந்தேகப்பட்ட கல்லை உடைத்துத் தூள் கிளப்பாதீர்கள், சட்டைப் பையில் போட்டுத் திரியாதீர்கள். அணுக்கனிம இயக்குநரகத்தின் தென்மண்டல அலுவலகம் பக்கத்துப் பெங்களூரிலேயே இருக்கிறது. தகவல் அங்கே போகட்டும்.

இன்னொன்று. கல்லைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவராதீர்கள். தாய்ப்பாறை ஒட்டியிருக்கும் துண்டுதான் வேண்டும், எடுத்த இடத்தின் குறிப்போடு.