ஊசல் ஆடுமுன் எழுதிய விடை

பதினோராம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் தமிழ் நூலுக்கடியில் ஏதோ ஒளித்து எழுதினான். வாங்கிப் பார்த்தேன், இயற்பியல் செய்முறை ஏடு. தனி ஊசலால் புவியீர்ப்பு முடுக்கம் காணும் ஆய்வு; முடிவு 9.8. "ஆய்வை என்று செய்தாய்?" என்றேன். "நாளைக்குத்தான் ஐயா!" என்றான். வகுப்பு நகைத்தது, எனக்கு நகை வரவில்லை.

ஆய்வென்பது இயற்கையிடம் நாம் தொடுக்கும் வினா. விடையை முன்னரே எழுதிவிட்டவன் வினவுவது எதற்கு?

1747ஆம் ஆண்டு 'சாலிசுபரி' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில், ஈறு வீங்கிக் குருதி கசியும் இசுகர்வி நோயர் பன்னிருவரைச் சேம்சு லிண்டு என்னும் மருத்துவர் தேர்ந்தார். அனைவர்க்கும் ஒரே இடம், ஒரே உணவு. மருந்து மட்டுமே வேறு. இருவர் இருவராகப் பிரித்து, ஆப்பிள் பழத்தேறல், கந்தகக் காடி கலந்த நீர்மம், புளிங்காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த கூட்டுமருந்து, கிச்சிலியும் எலுமிச்சையும் என அறுவகையாகக் கொடுத்தார். ஆறே நாளில் பழம் உண்டவருள் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலை எய்தினார். கந்தகக் காடி அக்கால மருத்துவர் பெரிதும் நம்பிய மருந்து; அது பயன் தரவில்லை. கண்டவாறே 1753இல் நூலாக எழுதினார் லிண்டு. பிரித்தானியக் கப்பற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதோ 1795இல். அதற்கு முந்தைய ஆண்டே லிண்டு மறைந்துவிட்டார். ஊரார் நம்பியதையே அவரும் எழுதியிருப்பின், அவ்வாய்வால் யார்க்கு என்ன பயன்?

பிற யாவும் ஒத்திருக்க ஒன்றை மட்டும் மாற்றுதல், அளத்தல், கண்டதைக் கண்டவாறு எழுதுதல், பிறர் மீண்டும் செய்து பார்க்க விடுதல்: இவையே அறிவியல் நெறியின் அடிப்படை.

அம்மாணவனை நான் குறைகூறேன். 9.8க்கே மதிப்பெண் என்று கற்பித்தவர் நாமல்லவா? ஊசலாட்டத்தைச் சுழியத்தில் தொடங்காது ஒன்றில் தொடங்கி எண்ணினால், பத்தொன்பது ஆட்டம் இருபதாகிவிடும், விடையும் 10.9 அளவில் வந்து நிற்கும். அதை மறைக்காது எழுதி, பிழை எங்கென்று தேடுபவனே அறிவியல் கற்றவன். 9.8ஐப் படியெடுத்தவன் கற்றது பொய்யெழுத மட்டுமே.

ஆசிரியப் பெருமக்களே! பிழைபட்ட விடையாயினும் அளந்து பெற்ற விடைக்கு மதிப்பெண் கொடுங்கள். பெற்றோரே! மகன் செய்முறை ஏட்டைக் காட்டும்போது, "என்ன மதிப்பெண்?" என்று கேட்குமுன், "நீயே அளந்தாயா?" என்று கேளுங்கள்.