173 வருஷம் ஆகும்!

போன வாரம் என் ஹார்ட் டிஸ்க் 'டிக்... டிக்...' என்றது. கடிகாரம் சொல்லலாம், ஹார்ட் டிஸ்க் சொன்னால் சங்கு! உள்ளே 9,000 மின்புத்தகங்கள். பதறிப்போய் ராத்திரியோடு ராத்திரியாகப் புது டிஸ்க்குக்கு காப்பி அடித்தேன்.

"இதுல எத்தனை படிச்சீங்க?" என்றாள் மனைவி. வாரம் ஒன்று படித்தாலே 173 வருஷம் ஆகும். பேச்சை மாற்றினேன்.

அப்புறம் களையெடுப்பு. திருக்குறள் மட்டும் 11 பிரதி! பழந்தமிழ் நூல்கள் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலவசம். ஆங்கில கிளாசிக்குகள் 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில். வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாமே? தூக்கினேன். மிஞ்சியது 412.

அதில் ஒன்று, நான் ஸ்கேன் செய்துவைத்த அப்பாவின் வரவுசெலவு நோட்டு. அசலைக் கரையான் தின்றாச்சு. இது போனால் எந்தத் திட்டத்திலும் கிடைக்காது.

கம்ப்யூட்டர்காரர்களின் சூத்திரம் 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நோட்டைப் பென் டிரைவில் போட்டு திருச்சியிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினேன்.

மறுநாள் போன்: "அண்ணா, எனக்கு ரிப்பன் வாங்கின நாப்பது பைசாவைக்கூட அப்பா எழுதிவெச்சிருக்கார்!" குரல் கம்மியது.

9,000-ல் ஒன்றையாவது ஒருத்தர் முழுசாகப் படித்துவிட்டார்!