இரண்டு மீட்டர்கள்

திருவண்ணாமலையில் கைம்பெண் ஒருவர் வெள்ளை அட்டையுடன் நம்மிடம் வந்தார். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி. வழக்கமாக 150 யூனிட்டுக்குள் அடங்குபவருக்கு இம்முறை 620! "சாமி, கட்டாவிட்டால் பியூசைப் பிடுங்கிவிடுவார்களா?" என்று கலங்கினார்.

மாட்டார்கள். கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரி ஆகிய இரண்டில் குறைந்ததை ஆட்சேபத்துடன் செலுத்தினால் இணைப்பைத் துண்டிக்கலாகாது என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. முறையீடு பெற்ற ஐந்து நாட்களுக்குள் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது 2024-ஆம் ஆண்டுத் திருத்த விதி.

ஸ்மார்ட் மீட்டர் வந்து, பகலில் மலிவு, உச்சநேரத்தில் உயர்வு என்றாகும்போது, எண் மட்டுமன்று, மீட்டரின் கடிகாரமும் பிசகக்கூடும். அன்றும் இவ்விதியே துணை.

மனு எழுதிக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பிவிட்டார், பாவம்! திங்களன்று நாமும் உடன் செல்கிறோம்.