காற்றின் அளவை நாமே திருத்தலாமா?



பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலில் சுபுஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, படியோரம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சகோதரர் ஒருவர் தம் மாமாவிடம் சற்றுப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “டாக்டர் பத்துல வச்சுக் கொடுத்தாரு மாமா. காத்து மூஞ்சில அடிக்குது, வீட்டுல பிள்ளைகளுக்குச் சத்தம் வேற. நானே ஆறுக்குக் குறைச்சுட்டேன். இப்ப நிம்மதியாத் தூங்குறேன்.” மாமா சற்றும் தயங்கவில்லை. “அப்ப எனக்கும் வந்து குறைச்சு விடு மாப்ள” என்றார்.

அவர்கள் பேசியது சிபேப் கருவியைப் பற்றி. உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு, இரவில் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் அந்தச் சிறிய பெட்டி இப்போது நம் ஜமாஅத்தில் பல வீடுகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே சொல்வதற்குத்தான் கூச்சம். 2023 ஜூன் மாதத்தில் அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனின் கன்னத்தில் வார்த் தழும்பைப் பார்த்துச் செய்தியாளர்கள் கேட்டபோது, அவர் இந்தக் கருவியைப் பயன்படுத்துவதாக வெள்ளை மாளிகை வெளிப்படையாகவே கூறியது. நம்மிடையே அதே தழும்போடு பள்ளிக்கு வரும் சகோதரர், தலையணை அழுத்திவிட்டது என்கிறார்.

கூச்சத்தின் விளைவு என்னவென்றால், கருவியில் சிக்கல் வந்தால் யாரிடமும் கேட்பதில்லை. தாமே திருத்திக்கொள்கிறோம், அல்லது மச்சானை அழைக்கிறோம். இது சரியா என்பதே நம் கேள்வி.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். நாம் உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாவின் அடிப்பகுதியும் மேலண்ணமும் சரிந்து மூச்சு வழியை மூடிவிடும். நெஞ்சு காற்றை இழுக்க முயலும், காற்று உள்ளே போகாது, இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறி நம்மை ஒரு கணம் விழிக்க வைக்கும். குறட்டை நின்று, ஓர் அமைதி நிலவி, பிறகு திடுமெனப் பெருமூச்சு வருகிறதே, அதுதான் இது. மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி நிகழ்ந்தால் நோய் எனக் கணக்கிடுகிறார்கள். முப்பதைத் தாண்டினால் கடுமையான நிலை. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மறைந்தபோது மருத்துவர்கள் இந்த நோயின் பெயரைக் குறிப்பிட்டதை நாளிதழ்களில் பலர் படித்திருப்பீர்கள்.

1981-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், ஐந்து நோயாளிகளுக்கு மூக்கின் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து, சரியும் தொண்டையைத் திறந்தே வைத்திருக்க முடியும் என்பதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். கூடாரத்தைக் கம்பு தாங்குவதுபோலக் காற்று அந்த வழியைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தாங்குதலின் அளவே கருவியில் தெரியும் எண். பொதுவாக 4 முதல் 20 வரை இருக்கும். நீர்மட்டத்தின் சென்டிமீட்டர் கணக்கு அது. ஒருவருக்கு 7 போதும், இன்னொருவருக்கு 13 வேண்டும். கழுத்தின் பருமன், தாடையின் அமைப்பு, உடல் எடை, மல்லாந்து படுக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவேதான் ஓர் இரவு முழுவதும் உடலில் கம்பிகளை ஒட்டி, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவியானாலும், எந்த எல்லைக்குள் அது இயங்க வேண்டும் என்பதை மனிதர்தான் அமைக்கிறார்.

படிக்கட்டுச் சகோதரர் பத்தை ஆறாக்கியபோது கம்பின் உயரத்தைக் குறைத்துவிட்டார். மாஸ்க் முகத்தில் இருக்கிறது, கருவி ஓடுகிறது, குறட்டைகூடக் குறைவாக இருக்கலாம். ஆனால் மூச்சு மறுபடி நிற்கிறது. கருவியே இல்லாதவர் தாம் நோயாளி என்பதையாவது அறிவார். இவரோ சிகிச்சையில் இருப்பதாக நம்பிக்கொண்டு, பகலில் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரியைக் கேரளத்துக்கு ஓட்டிப் போவார். நமக்கு அச்சம் தருவது இதுவே.

கூட்டினாலும் தீங்கு உண்டு. அழுத்தம் மிகுந்தால் மாஸ்க்கின் விளிம்பில் காற்றுக் கசியும், வாய் உலரும், காற்றை விழுங்கி வயிறு பொருமும். சிலருக்கு அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று நேர்கிறது: தொண்டை திறந்தே இருக்கும், ஆனால் மூச்சு விடும்படி மூளையே கட்டளை இடாமல் சில நொடிகள் ஓய்ந்துவிடும். இதயம் பலவீனமானவர்களும், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் மனைவிக்கோ மகனுக்கோ இரண்டு வகை நிறுத்தமும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றுக்கு அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கும், மற்றொன்றுக்குக் கூட்டுவதே கேடாகலாம்.

இதைச் சொல்லிவிட்டு, “ஆகவே டாக்டர் சொன்னதைக் கேளுங்கள், வாயை மூடுங்கள்” என்று முடித்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. தாமே திருத்திக்கொள்ளும் சகோதரர்கள் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமும் அன்று. கருவியை விற்றவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, சுவிட்சைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். மறுபரிசோதனை என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். ஒரு நாள் வேலை போகும், பேருந்துச் செலவு, கட்டணம். போனாலும் கருவியின் நினைவகத்தைத் திறந்து பார்க்காமலே ‘நல்லாத்தானே இருக்கு’ என்று அனுப்புவோரும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டும் மனிதர் என்னதான் செய்வார்? சில கருவிகளில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் மருத்துவருக்கான பக்கம் திறந்துவிடுகிறது. கை அங்கே போவதில் வியப்பில்லை.

நோயாளிக்கு இதில் அறிவே இருக்க முடியாது என்பதும் உண்மையன்று. 2003-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் 18 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தொடக்க அளவை அமைத்து, எப்படிக் கூட்டுவது, குறைப்பது என்று விளக்கிச் சொல்லி, வீட்டில் அவர்களே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ள விட்டார்கள். ஆய்வகத்தில் அமைத்ததற்கு நிகரான பயன் அதிலும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மார்க் வாட்கின்ஸ் என்பவர், கருவியின் நினைவக அட்டையில் உள்ளதை நோயாளியே கணினியில் படிக்கும்படி ‘ஸ்லீப்பிஹெட்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். அதன் வழிவந்த ‘ஆஸ்கார்’ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கிங்ஸ்டனில் நடந்ததைக் கவனியுங்கள்: கற்பித்தார்கள், பிறகு விட்டார்கள், பின்னர் சோதித்தும் பார்த்தார்கள். நம் ஊரில் நடப்பது இந்த மூன்றும் இல்லாத திருத்தம்.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். உடலுக்கு நம் மீது உரிமை உண்டு என்பதை, பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். தொழுகையில் கண் சொக்கினால் உறங்கித் தெளிந்துவிட்டு வரும்படியும் வழிகாட்டினார்கள். உறக்கம் இங்கே சோம்பலாகப் பார்க்கப்படவில்லை. இந்த நோயால் சுபுஹுக்கு எழ முடியாமல் போனவர்களை ஈமான் குறைந்தவர்கள் என்று வீட்டாரே ஏசியதை நாம் அறிவோம். தாமே அப்படி நம்பி உள்ளுக்குள் நொந்துபோனவர்களையும் அறிவோம். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. மாமாவின் கருவியில் கை வைக்கப் போகும் மாப்பிள்ளை இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் கருவியில் கை வைப்பது ஒன்று. இன்னொருவருடைய மூச்சில் கை வைப்பது வேறு.

எனவே நம் கருத்து இது. அளவைப் படிப்பது நோயாளியின் உரிமை. நாம் அதைக் கடமை என்றே சொல்வோம். காலையில் திரையில் மூன்றைப் பாருங்கள்: மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது, காற்று எவ்வளவு கசிந்தது, எத்தனை மணி நேரம் அணிந்திருந்தீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தடைப்பட்ட எண்ணிக்கை பல நாள் ஐந்துக்கு மேலேயே நின்றாலோ, பகலில் தூக்கம் தள்ளினாலோ அந்த நோட்டையும் நினைவக அட்டையையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். ‘அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மரியாதையோடு, ஆனால் உறுதியோடு கேளுங்கள். பார்க்க மாட்டேன் என்றால் வேறு மருத்துவர் இருக்கிறார். சிறு மாற்றங்களை வீட்டிலேயே செய்யலாமா, எந்த எல்லை வரை என்றும் அவரிடமே கேளுங்கள். சிலர் அனுமதிப்பார்கள், எழுதியும் கொடுப்பார்கள்.

அழுத்தத்தைத் தொடுவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை எத்தனையோ உள்ளன. காற்று முகத்தில் அடிப்பதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் மாஸ்க்கின் அளவு. தாடி வைத்தவர்களுக்கு வாயையும் மூடும் மாஸ்க் சரியாகப் பதியாமல் கசிவது வழக்கம். மூக்குத் துளையில் பொருந்தும் சிறிய வகையைக் கேட்டுப் பார்க்கலாம். படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல உயரும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு, அதைக் கேட்டுப் பழகுங்கள். பஞ்சு மில் பக்கம் குடியிருப்போர் வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். ஈரப்பதத் தொட்டியில் நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்புப் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் மருந்துக் கடையில் கிடைக்கிறது.

படிக்கட்டுச் சகோதரரை ஒருவழியாகப் பேசி அனுப்பி வைத்தோம். அட்டையைத் திறந்து பார்த்ததில், ஆறில் ஓடிய இரவுகளில் மணிக்கு இருபதுக்கு மேல் மூச்சு நின்றிருக்கிறது. மாஸ்க் ஓர் அளவு பெரிது. அதை மாற்றிய பின், அதே பத்து அவருக்கு முகத்தில் அடிக்கவில்லை.

கைமாறி வரும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மவ்த்தான அத்தாவின் கருவியைப் பெரியத்தாவுக்குக் கொடுப்பதும், துபாயிலிருந்து வருபவர் யாருடையதையோ வாங்கி வருவதும் நல்லெண்ணத்தில்தான். ஆனால் அதில் இருப்பது இன்னொருவருடைய எண். மேலும் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே ஒலியைத் தடுக்க வைத்த நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்று தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் அவற்றுள் ஒன்று. பழைய கருவி கைக்கு வந்தால் அடியில் உள்ள வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் யாருக்கும் மாட்டிவிட வேண்டாம்.

விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறவர்கள் கருவியை வீட்டில் விட்டுச் செல்கிறார்கள், இரண்டு நாள்தானே என்று. 2,000 மீட்டருக்கு மேல் காற்றே மெலிந்திருக்கும் இடத்தில்தான் அது அதிகம் தேவை. புதிய கருவிகள் உயரத்துக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்ளும். சில பழையவற்றில் கையால் அமைக்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மருத்துவரின் கடிதத்தையும், முஸ்தலிஃபாவின் திறந்தவெளி இரவுக்கு ஒரு பேட்டரியையும் மறக்க வேண்டாம்.

ரமளானில் எழும் கேள்வி தனி. ஸஹருக்குப் பின் சுபுஹ் தொழுதுவிட்டு மீண்டும் படுக்கும்போது பலர் நோன்பு முறிந்துவிடுமோ என்று மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அறைக் காற்று வேறு, நீர்த்தொட்டியின் வழியே ஈரமாகி வரும் காற்று வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லி உங்கள் ஆலிமிடம் சட்டம் கேளுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் தொட்டியைக் காலியாக வைத்துக் கருவியை ஓட்டலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டையும் ஷஅபானிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது; முதல் நோன்பன்று காலையில் ஹலரத்தும் உறங்கிக்கொண்டிருப்பார்.