பிறழ்சாட்சியும் முந்திக்கொண்ட அப்பீலும்

"விசாரணையே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள அரசுத்தரப்புக்கு அப்பீலா? அநியாயம்!" ஆஸ்திரேலியச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கும் நண்பர்கள் இப்படித்தான் பொங்குகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனா இந்த ஒரு விஷயத்தில் ஒத்துக்க முடியலை மக்கா.

கதை இதுதான். ராத்திரி அடிபட்ட பெண் போலீஸில் வாக்குமூலம் கொடுக்கிறாள். கோர்ட்டுக்கு வந்ததும் "ஒண்ணும் ஞாபகமில்லை" என்கிறாள். நம்ம பேப்பரில் பிறழ்சாட்சின்னு போடுவாங்களே, கிட்டத்தட்ட அது. முன்பெல்லாம் அவள் வேண்டுமென்றே உண்மையை மறைக்கிறாள் என்று காட்டினால்தான், கூப்பிட்ட தரப்பே அவளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நியூ சௌத் வேல்ஸின் 1995 சாட்சியச் சட்டமும் விக்டோரியாவின் 2008 சட்டமும் 38ஆம் பிரிவில் இதைத் தளர்த்தின. சாட்சியம் பாதகமாக இருந்தாலே போதும்; நீதிபதி அனுமதி மட்டும் வேண்டும். பாதகமாகப் பேசுவார் என்று தெரிந்தே ஒருவரைக் கூப்பிடலாம் என்பதை 2001ல் ஆடம் வழக்கில் அங்கே உச்சபட்ச கோர்ட்டான ஹைகோர்ட்டும் ஏற்றுக்கொண்டது.

இந்த அனுமதியை விசாரணைக்கு முன்பே கேட்கலாம். நீதிபதி தப்பாக மறுத்துட்டா? அவளை நம்பியே நிற்கிற வழக்கு அங்கேயே அவுட். தண்டனை கிடைத்தால் குற்றவாளி அப்பீல் போகலாம். ஜூரி விடுதலை செய்துட்டா அரசுத்தரப்புக்கு, அபூர்வ விதிவிலக்குகள் தவிர, கதவு சாத்தியாச்சு. அப்ப தப்பைத் திருத்த வேற நேரம் எது? முன்கூட்டித்தான்!

"இழுத்தடிப்பாங்களே, அதுவரை அவன் ஜெயிலில் கிடக்கணுமா?" நியாயமான கேள்வி. அதனால்தான் விக்டோரியாவின் 2009 குற்றவியல் நடைமுறைச் சட்டம் ரெண்டு பூட்டு போட்டிருக்கு. விஷயம் முக்கியமானதுதான் என்று விசாரணை நீதிபதி சான்று தரணும்; மேல்முறையீட்டு நீதிமன்றமும் அனுமதிக்கணும். அதே வழி எதிர்த்தரப்புக்கும் உண்டு.

"பயந்துபோன பெண்ணைக் கூண்டில் ஏத்தி வாயைப் பிடுங்கணுமா?" இதுதான் என்னை உறுத்துது. ஆனா அனுமதி தரும்போது சாட்சிக்கு அநியாயமாகுமா என்பதையும் நீதிபதி பார்க்கணும்னு 192ஆம் பிரிவே சொல்லுது. அந்தத் தராசை ஒருத்தர் தப்பாகப் பிடித்தால் இன்னும் மூணு பேர் சரிபார்க்கட்டுமே. அவள் அன்று ராத்திரி சொன்னதை ஜூரி கேட்காமலே போவதைவிட அது மேல்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. சட்டம் படித்தவர்கள் பின்னூட்டத்தில் தாராளமா கும்மலாம் :)